ஊருக்கு வெளியே ஓர் ஓட்டல்: தூரம் போனால் தூக்கம் வருமா?

சென்ற ஆண்டு என் தாயாருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு குறை. தூக்கம் இல்லை.

எங்கள் வீடு சென்னை புரசைவாக்கத்தில், பஸ் போகும் சாலையில் இருக்கிறது. கீழே கடைகள், மாடியில் நாங்கள். இரவு 11 மணி வரை கடைக் கதவுகளை இறக்கும் சத்தம். விடியற்காலை 4 மணிக்குப் பால் வண்டி. நடுவில் ஓயாத ஹாரன். நாற்பது வருஷம் இந்தச் சத்தத்திலேயே தூங்கியவர் என் அம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். இனி நல்ல தூக்கம்தான் மருந்து" என்றார் டாக்டர்.

அக்கா, நான், தம்பி மூன்று பேரும் கூடிப் பேசினோம். ஊருக்கு வெளியே, கடலோரத்தில், நல்ல ஓட்டல் ஒன்றில் அம்மாவையும் அப்பாவையும் இரண்டு நாள் தங்க வைப்பது என்று முடிவு செய்தோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம்.

அப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இந்தப் பணத்துக்கு ஒரு பீரோ வாங்கலாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

போட்டோ பார்த்தோம். நீல நிறத்தில் கடல். பச்சைப் புல்தரை. வெள்ளை வெளேரென்று மெத்தை. நகரத்தில் இருந்து 30 கிலோ மீட்டருக்கு மேல் தூரம். இதைவிட அமைதியான இடம் வேறு ஏது? ஒரு சனிக்கிழமை பார்த்து அறை எடுத்துவிட்டோம்.

அங்கேதான் ஏமாந்தோம்!

அந்தச் சனிக்கிழமை இரவு

மாலை வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே காப்பி சாப்பிட்டார்.

ஏழு மணிக்குப் புல்தரையில் விளக்குகள் எரிந்தன. எட்டு மணிக்கு ஆளுயரத்தில் நான்கு ஒலிபெருக்கிகள் வந்து நின்றன. யாரோ ஒரு பணக்காரர் வீட்டுக் கலியாண வரவேற்பு. பாட்டு, ஆட்டம், கைதட்டல், பட்டாசு. எங்கள் அறை அந்தப் புல்தரைக்கு நேர் எதிரே! "கடல் தெரியும் அறை" என்று கூடுதல் பணம் கொடுத்து நாங்களே கேட்டு வாங்கியது.

மானேஜரிடம் போனேன். "ரொம்ப மாதத்துக்கு முன்பே பதிவான கலியாணம் சார். வேறு அறையும் காலி இல்லை" என்று கையைப் பிசைந்தார்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அறைக்குத் திரும்பினால் அம்மாவைக் காணோம். தேடினேன். வெளியே எங்கள் காருக்குள், கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வீடே தேவலைடா" என்றார்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. பணம் போனது பெரிதல்ல. எதற்காகப் பணம் கொடுத்தோமோ, அது கிடைக்கவில்லையே! தவறு எங்கே நடந்தது? அதைத் தெரிந்துகொள்ளப் பல ஓட்டல்காரர்களிடமும், அடிக்கடி வெளியூர் போகிறவர்களிடமும் பேசினேன். சட்டப் புத்தகத்தையும் புரட்டினேன்.

நான் தெரிந்துகொண்டது ஒரே வரியில் அடங்கும்: தூரம் வேறு, அமைதி வேறு!

ஊர் நம்மைத் துரத்தும்

"ஊருக்கு வெளியே" என்கிறோம். அது எங்கே இருக்கிறது?

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. திருவான்மியூர், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று வரிசையாக ஊர்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966ஆம் ஆண்டு ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். சோழமண்டலம் என்று பெயர் வைத்துக் குடியேறினார்கள். அப்போது அது மணலும் சவுக்குமாக இருந்த இடம். நகரத்துச் சந்தடி எட்டாத இடம்.

2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோ மீட்டரில் இருந்து 426 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. ஈஞ்சம்பாக்கமும் மாநகருக்குள் வந்துவிட்டது! வாசலில் கார்களும் பஸ்களும் பறக்கின்றன.

இன்னும் தெற்கே போனால் கோவளம். அங்கே ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1752ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து பிடித்தார். பிறகு கோட்டை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தப் பழைய கோட்டை இருந்த கரையில் 1974ஆம் ஆண்டு ஒரு சொகுசு ஓட்டல் எழுந்தது. அதுதான் தாஜ் நிறுவனத்தின் 'பிஷர்மேன்ஸ் கோவ்'. நகரத்துக்கு வெளியே கடலோரத்தில் சொகுசாகத் தங்கும் வழக்கத்துக்கு இந்தக் கரையில் அது ஒரு முன்னோடி.

இன்று கோவளத்தில் இருந்து மாமல்லபுரம் வரை எத்தனையோ ஓட்டல்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களை 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகச் சொத்தாக அறிவித்தது. கோவளம் கடற்கரைக்கு 2021ஆம் ஆண்டு 'நீலக்கொடி' என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது. அதனால் கூட்டமும் கூடுகிறது.

ஆகவே, "எத்தனை கிலோ மீட்டர்?" என்று கேட்பதில் பயன் இல்லை. "என் கட்டிலுக்கும் சாலைக்கும் நடுவே என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்க வேண்டும்.

சத்தம் எப்படி நடக்கிறது?

சத்தத்தை 'டெசிபல்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். துணியை முழத்தில் அளப்பது போலத்தான். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் சுமார் 60 டெசிபல். காதோடு காதாக ரகசியம் பேசினால் சுமார் 30.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. 10 டெசிபல் கூடினால், நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும்.

நல்ல தூக்கத்துக்குப் படுக்கை அறையில் 30 டெசிபலுக்கு மேல் தொடர்ந்து சத்தம் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு சொன்னது. அதாவது, ரகசியம் பேசும் அளவுதான்!

சாலைச் சத்தம் தூரம் போகப் போகக் குறையும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குக் குறையாது. வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலையில் இருந்து 20 மீட்டரில் ஓர் அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். 160 மீட்டர் தள்ளிப் போனால் 9 டெசிபல் குறையும். காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தம்.

நடுவில் ஒரு கட்டிடமோ, உயரமான மதிலோ இருந்தால் சத்தம் நன்றாகவே அடங்கும். மரம் இருந்தால்? ஒரு வரிசை மரம் கண்ணுக்குக் குளிர்ச்சி. காதுக்கு அவ்வளவு உதவி இல்லை. தோப்பு மாதிரி அடர்த்தியாக, அகலமாக இருந்தால்தான் பலன் உண்டு.

கடற்கரையில் இன்னொரு சங்கதி. பகலில் கடலில் இருந்து கரைக்குக் காற்று வீசும். இரவில் பொதுவாகக் கரையில் இருந்து கடலுக்கு வீசும். சாலைச் சத்தத்தை அந்த இரவுக் காற்று கடலோர அறைக்குச் சுமந்து வரும். பகல் இரண்டு மணிக்கு அறையைப் பார்த்துவிட்டு, "ஆகா, என்ன அமைதி!" என்று முன்பணம் கொடுப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நட்சத்திரம் எதற்கு?

"ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றால் அமைதியாகத்தானே இருக்கும்?" என்று பலர் நினைக்கிறார்கள்.

மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களைத் தரம் பிரித்து நட்சத்திரம் கொடுக்கிறது. அறையின் அளவு, குளியல் அறை, சமையல் கூடம், பாதுகாப்பு, ஊழியர்களின் பயிற்சி, மாற்றுத் திறனாளிகளுக்கான வசதி போன்றவற்றைப் பார்த்துக் கொடுப்பது அது. வசதிக்கு அது நல்ல அத்தாட்சி. ஆனால் இன்று ராத்திரி புல்தரையில் யாருக்குக் கலியாணம் என்பதை நட்சத்திரம் சொல்லாது!

பெரிய ஓட்டல்களில் பல நூறு அறைகள் உண்டு. கிண்டியில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் மட்டும் 600 அறைகள். அப்படிப்பட்ட இடத்தின் அழகு வேறு, வசதி வேறு. அங்கே மாநாடு நடக்கும். விருந்து நடக்கும். ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். அமைதி ஒன்றே வேண்டும் என்பவர்கள் அறைகள் குறைவாக உள்ள இடத்தை முதலில் பார்ப்பது நல்லது. 20 அறை உள்ள இடத்தில் பெரிய கலியாணம் நடத்துவது கடினம் அல்லவா?

கலியாணம் ஏன் வருகிறது?

ஓட்டல்காரர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நகரத்தின் நடுவில் உள்ள ஓட்டலுக்கு வியாபார வேலையாக வருகிறவர்கள் அதிகம். அவர்கள் திங்கட்கிழமை வருவார்கள், வெள்ளிக்கிழமை போய்விடுவார்கள். சனி, ஞாயிறுகளில் பல அறைகள் காலியாக இருக்கும்.

ஊருக்கு வெளியே உள்ள ஓட்டல் இதற்கு நேர்மாறு. வார நாட்களில் ஆள் குறைவு. சனி, ஞாயிறில்தான் வருமானம். நகரத்துக் குடும்பங்கள் வரும். கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். முகூர்த்த நாளில் கலியாணம் வரும். அந்தப் பெரிய நிலத்தையும் புல்தரையையும் பராமரிக்க அந்த வருமானம் தேவை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அமைதி வேண்டுமா? கடற்கரை ஓட்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போங்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை திரும்புங்கள். வாடகையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். சனி, ஞாயிறில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால், நகரத்து நடுவில் உள்ள வியாபார ஓட்டலையும் விசாரித்துப் பாருங்கள். அண்ணா சாலைப் பக்கத்து அறை அன்றைக்குக் கடற்கரை அறையைவிட அமைதியாக இருந்தாலும் இருக்கும்!

பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஆடி, மார்கழி மாதங்களில் கலியாணம் குறைவு. ஆனால் இரண்டு மாதத்திலும் பக்கத்துக் கோவில் ஒலிபெருக்கி பாடக்கூடும். டிசம்பர் 31ஆம் தேதி இரவு இந்தச் சாலையில் அமைதியைத் தேடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மழைக் காலம். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலில் சென்னை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பதிவு செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சத்தத்துக்கு என்று ஒரு சட்ட விதி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

2000ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். கடைத்தெருப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40.

இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய விருந்து மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்கள் கேட்பதற்காக மட்டும் வைக்கலாம். பண்டிகை, கலை விழாக் காலங்களில் நள்ளிரவு 12 மணி வரை விலக்குக் கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது.

அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால், பத்து மணிக்கு மானேஜரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். "திறந்த வெளியில் இனி ஒலிபெருக்கி கூடாது" என்று மரியாதையாகவே சொல்லி இருப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் 112 என்ற எண்ணில் போலீசுக்குச் சொல்லி இருப்பேன்.

எந்த அறையைக் கேட்பது?

ஒரே ஓட்டலில் ஓர் அறை சொர்க்கமாகவும் இன்னோர் அறை சந்தையாகவும் இருக்கும். வாடகை ஒன்றாகவே இருக்கும்!

லிப்டுக்குப் பக்கத்து அறை வேண்டாம். ராத்திரி முழுவதும் கதவு திறக்கும், மூடும். சமையல் கூடத்துக்கு மேலே உள்ள அறை வேண்டாம். பாத்திரம் உருளும், காற்றாடி இரையும். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நீச்சல் குளத்துக்கு எதிரே உள்ள அறையில் குழந்தைகளின் கும்மாளம் கேட்கும். பக்கத்து அறைக்குப் போக நடுவில் கதவு வைத்த அறைகள் சில இடங்களில் உண்டு. பக்கத்து அறைக்காரர் இருமினால் நமக்குக் கேட்கும்.

அறைக்குள் போனதும் ஜன்னலை மூடிப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடி என்றால் நல்லது. அதைவிட முக்கியம், இடுக்கு இல்லாமல் மூடுகிறதா என்பது. விரல் நுழையும் இடுக்கு இருந்தால் போதும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் சத்தம் உள்ளே வந்துவிடும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பு ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் உடனே வேறு அறை கேளுங்கள். துணிமணியை எடுத்து அடுக்கிய பிறகு கேட்பதைவிட இது எளிது.

பில்லையும் பாருங்கள்

அமைதிக்குக் கொடுக்கும் பணம் நியாயமான பணமாக இருக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல், ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 ரூபாய், மொத்தம் 7,875. 8,000 ரூபாய் அறைக்கு வரி 1,440 ரூபாய், மொத்தம் 9,440. வாடகையில் வித்தியாசம் 500 ரூபாய். கையில் இருந்து போவதில் வித்தியாசம் 1,565 ரூபாய்!

ஊருக்கு வெளியே போனால் இன்னொரு செலவும் உண்டு. எதிரே மெஸ் இருக்காது. முனையில் டீக்கடை இருக்காது. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடுதான். காலைச் சாப்பாடு வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போக வர கார் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

சாப்பாட்டு பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று தானாகவே சேர்த்திருந்தால், கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜூலையில் இதற்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. டெல்லி ஐகோர்ட்டு 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அது செல்லும் என்று தீர்ப்புக் கூறியது. பிரியப்பட்டால் கொடுக்கலாம். கட்டாயப்படுத்தினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு

அமைதியான இடம் என்றால் ஆஸ்பத்திரிக்கும் தூரமான இடம் என்று அர்த்தம். இதை மறக்கக் கூடாது.

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால் எங்கே போவது? புறப்படும் முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டும். கோவளம் பக்கம் தங்கினால் அருகே கேளம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வேறு இடம் என்றால் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், ஓட்டலில் ராத்திரி கார் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு நாள் பயணம் என்றாலும் நான்கு நாள் மருந்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த் தளத்து அறை கேளுங்கள். குழந்தைகளைக் கடலில் தனியே விடாதீர்கள். பார்க்கச் சாது போல இருக்கும் இந்தக் கடலில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு.

இரண்டாவது முறை

நான்கு மாதம் கழித்து மறுபடியும் பணம் சேர்த்தோம். இந்தத் தடவை போட்டோவைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டோம். ஐந்து ஓட்டல்களுக்கு டெலிபோன் செய்தோம். நான் கேட்ட முதல் கேள்வியே, "அந்தத் தேதியில் உங்கள் இடத்தில் விசேஷம் ஏதாவது உண்டா?" என்பதுதான். இரண்டு இடங்களில் "உண்டு" என்று நேர்மையாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி.

என் தம்பி ஒரு காரியம் செய்தான். நாங்கள் தேர்ந்தெடுத்த சிறிய ஓட்டலுக்கு ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் போனான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். காவல்காரர் வந்தார்.

"என்ன தம்பி பார்க்கிறீங்க?"

"பார்க்கலீங்க அண்ணே. சத்தம் கேட்குதான்னு கேட்கிறேன்."

காவல்காரர் சிரித்தார். பிறகு அவரே சொன்னாராம்: "கோடி அறையைக் கேளுங்க. அங்கே அலைச் சத்தம் மட்டும்தான்."

அந்தக் கோடி அறையையே கேட்டு வாங்கினோம். கீழ்த் தளம். சாலைக்கும் அதற்கும் நடுவே இரண்டு கட்டிடங்களும் ஒரு தோப்பும். ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா என் அறைக் கதவைத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னப்பா? அம்மாவுக்கு என்ன?"

"ஒன்றும் இல்லை. இன்னும் தூங்குகிறாள். எழுப்பட்டுமா, வேண்டாமா என்று கேட்க வந்தேன்."

"எழுப்பாதீர்கள்" என்றேன்.

அம்மா ஏழே முக்காலுக்கு எழுந்தார். "மணி என்னடா?" என்று கேட்டவர், சொன்னதும் நம்பவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அத்தனை நேரம் அவர் தூங்கியது அன்றுதான்.

அப்பாவுக்கு மட்டும் இரண்டாம் நாளே அலுத்துவிட்டது. பேச ஆள் இல்லை. டீக்கடை இல்லை. பத்திரிகை ஒன்பது மணிக்குத்தான் வந்தது. அமைதி எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடித்துவிடாது. அதையும் சொல்லத்தானே வேண்டும்!

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

இந்தக் கேள்விகளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது உதவும்.

1. நாங்கள் வரும் தேதியில் கலியாணமோ, கம்பெனி விருந்தோ உண்டா? திறந்த வெளியிலா, மண்டபத்திலா?

2. மொத்தம் எத்தனை அறைகள்?

3. எங்கள் அறைக்கும் சாலைக்கும் எவ்வளவு தூரம்? நடுவே என்ன இருக்கிறது?

4. லிப்ட், சமையல் கூடம், ஜெனரேட்டர், நீச்சல் குளம் ஆகியவற்றுக்குத் தள்ளி உள்ள அறை கிடைக்குமா?

5. வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? காலைச் சாப்பாடு அதில் சேர்ந்ததா?

6. வர முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

7. பக்கத்தில் ஆஸ்பத்திரி எது? ராத்திரி வண்டி கிடைக்குமா?

பதிலை வாய்ச்சொல்லாக மட்டும் வாங்காதீர்கள். செல்போனில் எழுத்து மூலமாகவும் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று

ஓட்டலுக்குப் போக எல்லோராலும் முடியாது. எங்களாலும் அடிக்கடி முடியாது. ஆனால் அந்த இரண்டு இரவுகள் எங்களுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தன.

வீட்டுக்குத் திரும்பிய அன்றே நானும் தம்பியும் அம்மாவின் கட்டிலைத் தூக்கினோம். சாலையைப் பார்த்த முன் அறையில் இருந்து, சமையல் கட்டுக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறைக்கு மாற்றினோம். சாமான்கள் முன் அறைக்கு வந்தன. ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினோம். சாலைக்கும் கட்டிலுக்கும் நடுவே இப்போது மூன்று சுவர்கள்.

செலவு, ரப்பர் பட்டைக்குக் கொடுத்த சில ரூபாய்தான்.

அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார். காலையில் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறார். மிச்சப்பட்ட பணத்தில் அப்பா தன் பீரோவை வாங்கிவிட்டார்!